உறவுமுறைப் படம் வரைவது எப்படி: களத்துக்குப் போகும் மாணவர்களுக்கு

மானிடவியல், சமூகவியல், நாட்டார் வழக்காற்றியல் படிப்பவர்களுக்கு முதல் களப்பணியாகப் பெரும்பாலும் தரப்படுவது ஒரு குடும்பத்தின் உறவுமுறைப் படம், அதாவது யார் யாருக்கு என்ன உறவு என்பதைக் குறிகளாலும் கோடுகளாலும் காட்டும் படம். நம் ஊர், நம் மொழி, தெரிந்த சொற்கள் என்பதால் அரை நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அந்தத் தைரியத்தில்தான் முக்கியமான பிழை நுழைகிறது. குறிப்பேட்டில் ஒருவர் பெயருக்கு எதிரே 'மாமா' என்று மட்டும் எழுதிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள்.

அந்த மாமா அம்மாவின் அண்ணனாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம், அத்தையின் கணவராக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம். பல ஊர்களில் அக்காவின் கணவரும் மாமாதான். கணவனையே மாமா என்று கூப்பிடும் பெண்களும் உண்டு. சொல்லை மட்டும் எழுதி வந்தால் இவற்றில் எது என்று வீட்டுக்கு வந்தபின் கண்டுபிடிக்க வழியில்லை.

ஆகவே முதல் விதி: உறவு யார் வழியாக வருகிறது என்பதைச் சங்கிலியாக முதலில் எழுதுங்கள். கூப்பிடும் சொல்லை வேறு பத்தியில் (நெடுவரிசையில்), பிறகு எழுதுங்கள். இரண்டையும் கலக்கவே கூடாது.

1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வுக்குழுவில் இருந்த ஆங்கில மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் வகுத்த முறையின் சாரமே இதுதான். அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி என்ற சில சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, அதுவும் பெற்ற அப்பா, பெற்ற அம்மா என்று உறுதி செய்துகொண்டு, ரிவர்ஸ் அந்த மக்களிடம் வம்சாவளியைக் கேட்டார். மற்ற உறவுச் சொற்களை எல்லாம் படம் முடிந்தபின் அதன்மேல் ஏற்றினார். 1901, 1902இல் நீலகிரித் தோடர்களிடமும் இதே முறையில்தான் வேலை செய்தார்.

படத்துக்கு முன் பட்டியல்

களத்தில் படம் வரையாதீர்கள். பாட்டியோடு கூடப் பிறந்தவர்கள் ஏழு பேர் என்றால் தாளின் வலது ஓரம் இரண்டாவது தலைமுறையிலேயே தீர்ந்துவிடும். மூன்று தலைமுறை கேட்டாலே நூறு பேரைத் தாண்டுவது சாதாரணம். களத்தில் கோடு போட்ட நோட்டில் பட்டியல் மட்டும் போடுங்கள். வீட்டுக்கு வந்து ஏ3 தாளில் படத்தை வரையுங்கள்.

பட்டியலில் இந்தப் பத்திகள் வேண்டும்: ஓடும் எண் (1, 2, 3 என்று தொடர்ந்து போவது), பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், ஆணா பெண்ணா, பிறந்த ஆண்டு, இறந்திருந்தால் ஆண்டு, தாயின் எண், தந்தையின் எண், கணவன் அல்லது மனைவியின் எண், பிறந்த ஊர், இப்போது இருக்கும் ஊர், இதைச் சொன்னவர் யார். இவற்றில் தாய் எண், தந்தை எண், இணை எண் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் மற்றது எது விடுபட்டாலும் படத்தை மீட்டெடுக்கலாம்.

தலைமுறைக்கு ஓர் எண் கொடுத்து அதற்குள் ஆட்களை அடுக்கும் முறையைச் சில பாடநூல்கள் சொல்கின்றன. தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு அது ஒத்துவராது. அக்கா மகளைக் கட்டிய ஒருவர் வந்ததும் கணவன் ஒரு தலைமுறை, மனைவி அடுத்த தலைமுறை என்று ஆகிவிடும். அவர்கள் பிள்ளையை எந்த வரிசையில் வைப்பது? ஓடும் எண்ணுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பெயரை நம்பி எண்ணை விடுவதும் ஆபத்து. தாத்தா பெயரைப் பேரனுக்கும் பாட்டி பெயரைப் பேத்திக்கும் இடும் வீடுகளில், ஒரே தாத்தாவின் பெயர் நான்கு மகன்களின் மூத்த பிள்ளைகளுக்கும் போயிருக்கும். ஒரே படத்தில் ஐந்து பேருக்கு ஒரே பெயர்.

குறியீடுகள் எளியவை. முக்கோணம் ஆண், வட்டம் பெண், எது என்று தெரியாவிட்டால் சதுரம். திருமணத்துக்கு இரட்டைக் கோடு, பிரிந்துவிட்டால் அதன்மேல் குறுக்குக் கோடு. இறந்தவரின் குறிமேல் சாய்கோடு. பெற்றோரிலிருந்து பிள்ளைக்குச் செங்குத்துக் கோடு, தத்தெடுத்தால் அதே கோடு புள்ளிக்கோடாக. கூடப் பிறந்தவர்களை மேலே ஒரு கிடைக்கோடு இணைக்கும், மூத்தவர் இடது பக்கம். யாரை மையமாக வைத்துக் கேட்கிறீர்களோ அவர் குறியை நிரப்பிக் கருப்பாக்குங்கள். திருநங்கை, திருநம்பி ஒருவர் குடும்பத்தில் இருந்தால் அவர் தம்மை எப்படிச் சொல்கிறாரோ அதுவே குறி. திருநங்கையரிடையே தத்தெடுத்த தாய், மகள் என்று இன்னொரு உறவு வட்டமும் இருக்கும். அதைத் தனித் தாளில் வரைந்து அவர் எண்ணால் இணையுங்கள்.

சங்கிலி எழுதச் சுருக்கக் குறி வேண்டும். தந்தை த, தாய் தா, அண்ணன் அண், தம்பி தம், அக்கா அக், தங்கை தங், மகன் ம, மகள் மள், கணவன் க, மனைவி மனை. புள்ளி வைத்துக் கோத்தால் தா.தம்.மள் என்பது தாயின் தம்பியின் மகள். சகோதரன், சகோதரி என்று பொதுவாக ஒரு குறி வைத்தால் நமக்குப் போதாது. பெரியப்பா ஒருவர் த.அண் ஆகவும் இருக்கலாம், தா.அக்.க ஆகவும் இருக்கலாம். இரண்டிலும் மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடுதான் அவரைச் சித்தப்பாவிலிருந்து பிரிக்கிறது. மூப்பு நம் உறவுமுறையின் அச்சாணி, அதை ஒவ்வொரு கண்ணியிலும் எழுதியாக வேண்டும்.

கேட்கும் வரிசை

'உங்க குடும்பத்துல எத்தனை பேர்?' என்று தொடங்காதீர்கள். ரேஷன் கார்டில் உள்ள எண்ணைச் சொல்வார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

'உங்களைப் பெத்த அம்மா பேர் என்ன?' என்று தொடங்குங்கள். பிறகு அந்த அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள், மூத்தது யார், அடுத்தது யார், இருப்பவர்கள், தவறியவர்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் திருமணம், பிள்ளைகள். அதன்பின் அம்மாவைப் பெற்றவர்கள், அம்மாவோடு பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள். இவ்வளவும் முடிந்தபின் அப்பா பக்கம் போங்கள்.

அம்மா பக்கத்தை முதலில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா வழியில் ஐந்து தலைமுறை ஆண்களின் பெயரை ஒப்பிக்கிறவர்கள்கூட அந்த ஆண்களின் மனைவிகள் பெயரைச் சொல்லத் தடுமாறுவார்கள். குலதெய்வம், நிலம், பங்கு எல்லாம் ஆண்வழியில் போகும் வீட்டில் நினைவும் அந்த வழியிலேயே போகிறது. அப்பா பக்கத்தில் தொடங்கினால் ஒரு மணி நேரத்தில் களைப்பு வந்துவிடும். அம்மா பக்கம் இரண்டு வரியில் முடிந்துபோகும். படத்தில் பெண்கள் குறைவாகத் தெரிந்தால் அது அந்தக் குடும்பத்தின் இயல்பு என்று எழுதிவிடாதீர்கள். கேட்ட விதத்தின் கோளாறாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

கட்டிக்கொடுத்த பெண்கள், சிறு வயதில் இறந்த குழந்தைகள், முதல் மனைவி இறந்தபின் வந்த இரண்டாம் மனைவி ஆகிய மூவரும் அடிக்கடி விடுபடுகிறார்கள். 'கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?' என்ற கேள்விக்கு ஆண்கள் சில நேரம் அண்ணன் தம்பிகளை மட்டும் எண்ணுவார்கள். எனவே 'அண்ணன் தம்பி எத்தனை, அக்கா தங்கச்சி எத்தனை' என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ஐந்தாறு ஆண்டு இடைவெளி வந்தால், 'இடையில ஏதாவது தங்காம போச்சா?' என்று மெதுவாகக் கேட்கலாம். பெற்ற தாயிடம் கேட்பதானால் பக்கத்தில் யாரும் இல்லாதபோது மட்டும்.

மூத்த பெண்கள் பலர் கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சிலர் மாமனார் பெயரையும் அதே பெயருள்ள பேரனின் பெயரையும்கூடத் தவிர்ப்பார்கள். வற்புறுத்தாதீர்கள். பேத்தியிடம் கேளுங்கள், அல்லது குடும்ப அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். யார் பெயரை யார் சொல்வதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் உறவுமுறைச் செய்திதான்.

ஆண்டு நினைவில்லாதவர்களுக்கு ஊர் அறிந்த நிகழ்ச்சிகளை அடையாளம் வைத்துக் கேட்கலாம். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர், அண்ணா மறைவு 1969 பிப்ரவரி, எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர், சுனாமி 2004 டிசம்பர். 'எம்.ஜி.ஆர். செத்தப்போ மூத்தவன் கைக்குழந்தையா, நடந்தானா?' என்றால் ஓராண்டு முன்பின்னாக விடை வந்துவிடும்.

ஓர் அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டாவது அமர்வை வேறொருவரிடம் வையுங்கள். முதலில் ஆணிடம் கேட்டிருந்தால் அடுத்தது அந்த வீட்டுக்கு வந்த மருமகளிடம். புகுந்த வீட்டின் வரிசையை அவள் ஒவ்வொரு சடங்கிலும் தெரிந்து நடக்க வேண்டியிருப்பதால் பிறந்த மகனைவிடத் துல்லியமாகச் சொல்வாள். இருவர் சொன்னதும் முரண்பட்டால் ஒன்றை அழிக்காதீர்கள். இரண்டையும் சொன்னவர் பெயரோடு வைத்திருங்கள்.

சொற்களை ஏற்றுதல்

சங்கிலிகள் முடிந்தபின், பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் சுட்டி மூன்று கேள்விகள்: நீங்கள் இவரை நேரில் எப்படிக் கூப்பிடுவீர்கள்? இன்னொருவரிடம் பேசும்போது இவரை என்ன முறை என்று சொல்வீர்கள்? இவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்? கூப்பிடும் சொல்லும் சுட்டும் சொல்லும் பல இடங்களில் வேறு. மாமனாரை நேரில் மாமா என்பார்கள், பிறரிடம் மாமனார் என்பார்கள். கொழுந்தன், நாத்தனார், ஓரகத்தி, சகலை, சம்பந்தி போன்றவை பெரும்பாலும் சுட்டுவதற்கு மட்டும் பயன்படும். நேரில் கூப்பிட வேறு சொல் அல்லது பெயர். மூன்றாவது கேள்வியைச் சோதனைக் கருவியாக வையுங்கள். நீங்கள் ஒருவரை அத்தை என்றால் அவருக்கு நீங்கள் மருமகன் அல்லது மருமகள் முறை ஆக வேண்டும். மகன் முறை என்று விடை வந்தால் சங்கிலியில் எங்கோ பிசகு.

உங்கள் ஊர்ச் சொல்லை அவர்கள் வாயில் திணிக்காதீர்கள். திருநெல்வேலியில் ஆச்சி என்றால் பாட்டி. நகரத்தாரிடம் அது அக்காவையும் மணமான பெண்களையும் மதிப்போடு அழைக்கும் சொல். கொங்கு நாட்டில் அப்பச்சி அம்மாவைப் பெற்ற தாத்தா, நகரத்தார் வீட்டில் அப்பச்சி என்றால் அப்பா. யாழ்ப்பாணத்தில் அப்பாவின் அக்கா தங்கையை மாமி என்கிறார்கள், அத்தை அல்ல. பல முஸ்லிம் வீடுகளில் காக்கா அண்ணன், லாத்தா அக்கா. சொல்லைக் கேட்டதுமே பொருள் புரிந்துவிட்டது என்று தோன்றும் இடத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

இன்னொன்று: அத்தை என்று ஒருவரைச் சொன்னதும், 'அப்பாகூடப் பிறந்த அத்தையா, ஒண்ணுவிட்ட அத்தையா, முறைக்கு அத்தையா?' என்று கேட்டே ஆக வேண்டும். அப்பாவின் சித்தப்பா மகளும் அத்தைதான். 'அத்தை மகளைக் கட்டினேன்' என்ற வாக்கியத்தை அப்படியே எண்ணிக்கையில் சேர்த்தால் நெருங்கிய சொந்தத்தில் நடந்த திருமணங்கள் உள்ளதைவிடப் பல மடங்காகக் காட்டும். பக்கத்து வீட்டு அக்கா, டீக்கடை அண்ணன் போன்ற பழக்க முறைகளைத் தனித் தாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

முறையும் பங்காளியும்

தமிழ் உறவுமுறை ஆட்களை இரண்டாகப் பிரிக்கிறது. அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளும் அம்மாவின் அக்கா தங்கை பிள்ளைகளும் அண்ணன், தங்கை. அவர்களுக்குள் திருமணப் பேச்சே எழாது. அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் கட்டிக்கொள்ளும் முறை. அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட ஒப்பீட்டில், தமிழ் முறையும் வட அமெரிக்க இரொகுவா மக்களின் முறையும் பெரிதும் ஒத்திருப்பதைக் கண்டு வியந்தார். பிரமலைக் கள்ளரிடையே வேலை செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் இன்னொரு படி போனார். தாய்மாமனை வெறும் இரத்த உறவாகப் பார்க்காமல், என் அப்பாவுக்கு மச்சானாக இருந்த சம்பந்தம் எனக்கும் தொடர்ந்து வருவதாகப் பார்க்க வேண்டும் என்றார். மாமா என்ற சொல் தாய்மாமனுக்கும் மாமனாருக்கும் பொதுவாக இருப்பதை இந்தப் பார்வை நன்றாக விளக்குகிறது.

படத்தில் இதைக் காட்ட இரண்டு வண்ணம் போதும். மையத்தில் உள்ளவருக்குப் பங்காளி பக்கம் ஒரு வண்ணம், மாமன் மச்சான் பக்கம் இன்னொன்று. சொந்தத்திலேயே மறுபடி மறுபடி கட்டிய குடும்பத்தில் ஒருவரே இரண்டு வழியாக உறவாவார். அக்கா மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு அப்பாவின் அக்காவே அம்மாவின் அம்மா. அவர் அத்தையா, பாட்டியா? இரண்டு சங்கிலிகளையும் எழுதி, பிள்ளை எந்தச் சொல்லால் அழைக்கிறது என்பதையும் எழுதுங்கள். வரையும்போது கோடுகள் குறுக்கே ஓடிச் சிக்கலாகும். அவரை இரண்டு இடத்தில் ஒரே எண்ணோடு வரைந்து, இரண்டாவது குறியைப் புள்ளிக்கோட்டால் வட்டமிடுவது எளிது.

கூட்டம், கோத்திரம், கோவில், கிளை போன்ற சாதிக்குள் உள்ள குலப் பிரிவுகளைப் பதியும்போது அவை தந்தைவழிதான் வரும் என்று கருதி நிரப்பிவிடாதீர்கள். கொங்கு வேளாளரின் கூட்டம் தந்தைவழி. கொண்டையங்கோட்டை மறவரின் கிளை தாய்வழி, பிள்ளைக்கு அம்மாவின் கிளையே வரும். மட்டக்களப்புப் பகுதியில் குடி என்ற குலப் பிரிவு தாய்வழி, கோயில் உரிமைகள்கூடக் குடி வரிசையில் வருவதுண்டு. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மணமான ஆண் மனைவி வீட்டுக்குப் போவான். காயல்பட்டினத்திலும் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்து மருமக்களுக்கு, அதாவது அக்கா தங்கை பிள்ளைகளுக்கு, போன வழக்கம் 1926இல் திருவிதாங்கூர் இயற்றிய சட்டத்துக்குப் பிறகே மாறியது. எனவே 'உங்க கிளை என்ன, அப்பா கிளை என்ன, அம்மா கிளை என்ன' என்று மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். எது எதோடு ஒத்துப்போகிறது என்பது விடையிலிருந்து தானே தெரியும்.

தந்தை யார் என்பதும் எல்லா இடத்திலும் பிறப்பால் மட்டும் முடிவாவதில்லை. ஒரு பெண்ணுக்குப் பல கணவர்கள் இருந்த காலத்துத் தோடர்களிடம், கர்ப்பத்தின் ஏழாம் மாத வாக்கில் வில் கொடுக்கும் சடங்கைச் செய்தவரே பிறக்கும் பிள்ளைக்குத் தந்தை. வேறொருவர் அந்தச் சடங்கைச் செய்யும்வரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைகளும் அவருடையவை.

மொய் நோட்டு

சொல்லில் ஒளிந்திருப்பதைச் சடங்கு காட்டிக்கொடுக்கும். காது குத்தும்போது யார் மடியில் குழந்தை, பெண் பெரியவளானபோது சீர் கொண்டுவந்தவர் யார், தாலியின் மூன்றாவது முடிச்சைப் போட்ட நாத்தனார் உடன்பிறந்தவளா முறைக்கா, இறப்பில் கொள்ளி வைத்தவர் யார், கோடித் துணி யார் வீட்டிலிருந்து வந்தது, நெய்ப்பந்தம் பிடித்தவர்கள் யார், எத்தனை வீடு தீட்டுக் காத்தது என்று கேளுங்கள். தீட்டுக் காத்த வீடுகளை எண்ணினால் பங்காளி வட்டத்தின் எல்லை அங்கேயே கிடைக்கும்.

மொய் நோட்டு இருந்தால் பார்க்க அனுமதி கேளுங்கள். பல வீடுகளில் தாய்மாமன் மொய்தான் முதல் வரி. இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு நோட்டுகள் கிடைத்தால், எந்த உறவு வளர்ந்தது, எது அறுந்தது என்பது தெரியும். தொகைகளைப் படியெடுக்க வேண்டாம். பெயர், ஊர், முறை போதும்.

அடுப்பும் அட்டையும்

படத்தில் உள்ளவர்கள் எல்லாம் ஒரே வீட்டில் இருப்பதில்லை. கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா என்பதைக் கேட்டு எழுதாமல், யார் சமைப்பதை யார் சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு உண்டு. இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு ஒரே அடுப்பில் சாப்பிடும் மாமியாரும் உண்டு. ஒரே அடுப்பைச் சேர்ந்தவர்களைப் படத்தில் ஒரு வளையத்துக்குள் அடைத்துவிடுங்கள். பிறகு குடும்ப அட்டையில் உள்ளவர்களுக்கு வேறு வண்ண வளையம். இரண்டும் பொருந்தாத இடங்களைக் குறித்துக்கொண்டு, ஏன் என்று கேளுங்கள்.

வீட்டுத் தலைவர் யார் என்ற கேள்விக்கு இப்போது விடை இருவிதமாக வரும். 2023 செப்டம்பரில் மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபின் 'குடும்பத் தலைவி' என்பது விண்ணப்பத்தில் உள்ள சொல்லாகிவிட்டது. அதனால் தலைவர் யார் என்று கேட்பதைவிட இப்படிப் பிரித்துக் கேட்கலாம்: பட்டா யார் பெயரில்? குழுக்கடன் யார் பெயரில் எடுத்தது, யார் செலவழித்தது? நகையை அடகு வைக்க முடிவு செய்தவர் யார்? 1989 மார்ச்சுக்குப் பின் மணமான மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தார்களா, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்களா? இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அந்த ஆண்டு வந்த திருத்தம் தமிழ்நாட்டில் அதுவரை மணமாகாத மகள்களுக்கு மகன்களோடு சமபங்கு தந்தது. 2005இல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தது. சட்டம் கொடுத்ததும் வீடு கொடுத்ததும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது இந்தக் கேள்வியில் வெளிப்படும்.

வேலையைப் பதிவது

'வேலைக்குப் போறீங்களா?' என்று கேட்டால், விடியற்காலையிலிருந்து உட்காராத பெண்ணும் 'சும்மா வீட்லதான் இருக்கேன்' என்பார். எனவே நேரத்தைக் கேளுங்கள். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை அரைமணித் துண்டுகளாகக் கேட்டது. கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாக அதில் தெரிந்தது. நீங்களும் அதே 48 கட்டங்களைப் போட்டுக்கொள்ளலாம்.

நேற்றைய நாளை மட்டும் கேளுங்கள். 'வழக்கமா என்ன செய்வீங்க?' என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்களோ அதைச் சொல்வார்கள். குழாயில் தண்ணீர் வந்த நேரம், பள்ளிப் பேருந்து, நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு போன்றவற்றை முளையாக அடித்துக்கொண்டால் இடைப்பட்ட நேரம் தானே நிரம்பும். ஒரு கட்டத்தில் ஒரு வேலையை மட்டும் எழுதினால் பாதி போய்விடும். உலை கொதிக்கும்போதே பிள்ளைக்குத் தலை வாரி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்திருப்பார். மூன்று வேலை வரை எழுத இடம் விடுங்கள். ஆணிடமும் இதே தாளை நிரப்புங்கள், அதுவும் தனியாக. வயல் உள்ள ஊரில் நடவு, களையெடுப்பு, உழவு, வரப்பு வெட்டுதல் ஒவ்வொன்றுக்கும் யார் போனார்கள், ஆண் கூலி எவ்வளவு, பெண் கூலி எவ்வளவு என்பதைத் தனிப் பட்டியலாக்குங்கள். ஒரு சாதாரண நாள், ஒரு விசேஷ நாள், அறுவடைக் காலத்தில் ஒரு நாள் என்று மூன்று தாளாவது இல்லாமல் ஆண் வேலை, பெண் வேலை பற்றி எதையும் முடிவாக எழுத வேண்டாம்.

தாளில் இருக்கக் கூடாதவை

சாதி மாறித் திருமணம் செய்து தொடர்பு அறுத்த மகளின் இப்போதைய ஊரையும் முகவரியையும் எழுதவே எழுதாதீர்கள். சொந்தக்காரர்களே உயிருக்கு உலை வைக்கும் நிலை நம் மாநிலத்தில் இன்னும் இருக்கிறது. உங்கள் தாள் அவர்களுக்கு வழிகாட்டிவிடக் கூடாது. படத்தில் வட்டம் மட்டும் போதும், இணைக்குச் சதுரம் போட்டு நிறுத்துங்கள். தத்து, மறுமணம், திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை போன்ற செய்திகள் மூன்றாம் ஆள் வாயிலிருந்து வந்தால் உரியவரிடம் போய் உறுதி செய்யத் தேவையில்லை, பதியவும் தேவையில்லை.

பெயரும் எண்ணும் பொருந்தும் சாவித்தாளைப் படத்தோடு ஒரே கோப்பில் வைக்காதீர்கள். ஒப்படைக்கும் படத்தில் எண்கள் மட்டும் இருக்கட்டும். அந்த வீட்டுக்கு ஒரு படி தருவதாகச் சொல்லியிருந்தால், அது வேறு படியாக இருக்க வேண்டும்: பெயர்கள் உண்டு, பிரிவு, தத்து, இறந்த குழந்தை, வண்ண வளையங்கள் இல்லை. கொடுப்பதற்கு முன் வீட்டிலுள்ள மூத்த பெண்ணிடம் தனியாக ஒருமுறை வாசித்துக் காட்டி, எடுக்கச் சொல்வதை எடுத்துவிடுங்கள்.